என் சொல்லுக்கு இடம் கொடுத்தவர்கள்

தம்பி,

தொட்டியடியில் உட்கார்ந்து நான் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது உன் அப்பா வந்து நின்றார். "அவன் அந்த ஜெர்மனி வேலய வாணாம்னு சொல்லப் போறானாம்" என்றார். கையில் செதிலோடு அப்படியே எழுந்து உன் அறைக்கு வந்தேன். நீ கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "நீ வர முடியாத ஊருக்கு நான் எதுக்கும்மா போவணும்? உனக்குப் பாஸ்போர்ட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளிக்கி எனக்கு அங்க ஒரு கொயந்த பொறந்தாக்கூட நீ வந்து பாக்க முடியாது. சும்மா உடு." நான் சும்மா விடவில்லை. சாயங்காலம் வரை உன்னோடு சண்டை பிடித்தேன். கடைசியில் நீ ஒத்துக்கொண்டாய், ஆனால் முகம் தெளியவில்லை. நேரில் பேசினால் நமக்குள் மறுபடியும் சண்டைதான் வரும். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். வழக்கமாக என் கதைகளைப் போடும் பத்திரிகையில்தான் இது வரப் போகிறது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் ஊர் பார்க்க எழுதுகிறேன்.

உன் கோபத்துக்குள் இருக்கும் எண்ணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வாழ்க்கையில் எல்லாமே பறிபோயிற்று, மிச்சம் நான் ஒருவன்தான், நானும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய். பறிபோனது உண்மை. ஆனால் அதோடு கதை முடிந்துபோகவில்லை. மீதிக் கதையை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். சோறு போடும்போது கொஞ்சம், ரயிலுக்கு நிற்கும்போது கொஞ்சம். இன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

மன்னாரில் நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தவள். தாய் இல்லாத வீடு. நானும் என் தகப்பனாரும்தான். அவரை ஐயா என்று கூப்பிடுவேன். சண்டை மறுபடி மூண்ட காலத்தில் ஒரு கதை எழுதினேன். காணாமல்போன மகனைத் தேடி ஒரு தாய் நடக்கிறாள். ராணுவ முகாம் வாசலிலும் போய் நிற்கிறாள், துவக்கோடு காட்டில் இருந்தவர்களின் வாசலிலும் போய் நிற்கிறாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில். அவ்வளவுதான் கதை. இரண்டு பக்கத்துக்கும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் சைக்கிளில் வந்த இரண்டு பேர் படலையைத் திறக்காமலே ஐயாவிடம் சொன்னார்கள்: "உங்கட மகளை எழுதாமல் இருக்கச் சொல்லுங்கோ. இனி வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டம்." பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒன்று படகில் புறப்பட இருந்தது. ஐயா என்னையும் அவர்களோடு அனுப்பிவிட்டார். எழுதிய கதைகள் எதையும் கொண்டுவரவில்லை. படகில் அகப்பட்டால் அவையே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

இந்தக் கரையில் இறங்கி, அகதி முகாமில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலை கிடைத்தது. வேலை கிடைத்துவிட்டது, வீடுதான் கிடைக்கவில்லை. அது எங்கள் ஆட்களைக் கண்டாலே எல்லாருக்கும் பயம் பிடித்திருந்த நேரம். தெருவில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைப் பார்த்துப் படியேறுவேன். "வீடு இருக்கோ?" என்று கேட்பேன். அந்த ஒரு 'ஓ' போதும், கதவு சாத்திவிடும். கடைசியில் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். பஸ்ஸில் சில்லறையை நீட்டிவிட்டு விரலால் ஊர்ப்பெயர்ப் பலகையைக் காட்டுவேன். கம்பெனியில் என்னை ஊமை என்றே சில பெண்கள் நினைத்திருந்தார்கள். பேச்சை வைத்துப் பிழைக்க நினைத்த ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது, தம்பி. யுத்தம் என் கதையைத்தான் நிறுத்தச் சொன்னது. இங்கே வந்து நான் பேச்சையே நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பூந்தமல்லியில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் மும்தாஜ் அக்காவின் வீட்டுப் படியேறினேன். உனக்கு அவரைப் பெரியம்மாவாகத் தெரியும். ரம்ஜானுக்கு உனக்குத்தான் முதல் கிண்ணம் கஞ்சி ஊற்றுவார். அன்றைக்கு எனக்கு அவர் யாரோ. வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் ஒரு அறை காலி என்று கேள்விப்பட்டு வந்திருந்தேன். எவ்வளவு நேரம் கைஜாடை காட்ட முடியும்? கடைசியில் கேட்டுவிட்டேன். மிஷின் நின்றது.

"இன்னா கண்ணு, பாட்டு மாரி பேசுற? இன்னொரு தபா சொல்லு."

கேலி செய்கிறார் என்று நினைத்துத் திரும்பப் போனேன். "அட, நில்லும்மே. நெசமா தான் கேக்குறேன். எந்த ஊரு நீ?"

"மன்னார்."

"அது எங்க கீது?"

"கடலுக்கு அங்கால."

கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வயிற்றுக்குள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டுவிட்டது. பிறகு அவர் மிஷினில் நூலைக் கோத்தபடியே சொன்னார்: "தண்ணி காலைல தான் வரும். அதுக்குள்ள புட்சி வெச்சிக்கணும். மத்தியானம் வந்து அக்கா தண்ணின்னு நின்னா நான் இன்னா பண்றது?"

அவ்வளவுதான். வீடு தருகிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்றுதான் சொன்னார். உனக்கு அங்கே ஆயிரம் பேர் 'நல்வரவு' சொல்லக்கூடும். அதில் பிழையில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போ. ஆனால் குப்பையை எந்தக் கிழமையில் வெளியே வைப்பது என்று ஒருவர் சொல்லித்தருவார் பார், அவரைப் பத்திரமாக வைத்துக்கொள். அவர்தான் உன்னை அந்தத் தெருவில் சேர்த்துக்கொண்டவர்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் மும்தாஜ் அக்காவுக்குக் கொக்கி தைத்துக்கொடுப்பேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார், என்னையும் பேசச் சொல்வார். எங்கள் பேச்சில் அவருக்கு ஒரு சொல் பிடித்துவிட்டால் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். 'வடிவு' என்பது அழகு என்று சொன்னதிலிருந்து, தைத்து முடித்த ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தூக்கிப் பிடித்து "வடிவா கீதா?" என்பார். அவருடைய வீட்டுக்காரர் கரீம் பாய் சைக்கிளில் துணி விற்கிறவர், அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள் சோற்றுத்தட்டைப் பார்த்து "கொயம்பு வடிவா கீது" என்றார். நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊரை விட்டு வந்தபிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு வந்தபிறகு எழுத்தும் வந்தது. எந்தக் கதைக்காகத் துரத்தப்பட்டேனோ, அதையே மறுபடி எழுதினேன். பழைய வாசகங்கள் பாதி மறந்துபோயிருந்தன. ஆனால் அந்தத் தாய் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தாள். இங்கே ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். கையெழுத்து விளங்கவில்லை, அச்சடித்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. குமணன்சாவடி சந்திப்பில் ஒரு அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாம் அடிக்கிற இடம். அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்க ஒரு இளைஞர் இருந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார். கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வாங்கிப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. 'கதைத்தாள்' என்று எழுதிய இடமெல்லாம் 'பேசினாள்'. 'பெடியன்' எல்லாம் 'பையன்'. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகனைத் தேடிப் போகிற தாய் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்து விசாரிக்கிற இடம் வரும். 'கிணற்றடியில் ஒரு வடிவான பெட்டை நின்றாள்' என்று எழுதியிருந்தேன். தாளில் இப்படி இருந்தது: 'கிணற்றடியில் ஒரு வடிவான பெட்டி நின்றது.'

பேசுவதற்குப் பயந்தவள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். கத்தினேன். "பெட்டி எப்படி நிற்கும்? ஒரு தாய் போய்ப் பெட்டியிட்டையோ மகனைப் பற்றிக் கேட்பாள்? உங்களுக்கு விளங்கேல்லையோ?"

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "எனக்கும் டவுட்டு தாங்க. பெட்டி எப்டி நிக்கும்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். சரி, சிலோன் பெட்டி போலன்னு உட்டுட்டேன்."

"பெட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளை!"

"ஐயோ! எங்க ஏரியால பொண்ணுங்கள அப்டிச் சொன்னா செருப்பால அடிப்பாங்க. அதான் மிஷ்டேக்கா இருக்கும்னு மாத்தினேன். அதுக்கேத்த மாரி 'நின்றாள்'ஐ 'நின்றது'ன்னும் கரெட்டா போட்டேன் பாருங்க."

இலக்கணம் சரிதான். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு, "நீங்க எய்தினது எய்தின மாரியே போட்டுத் தரேன். ஒண்ணொண்ணுக்கும் இன்னா அர்த்தம்னு சொல்லுங்க, கத்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு கதைக்காக நான் எத்தனையோ தரம் குமணன்சாவடிக்குப் போகவேண்டியிருந்தது. கதை அச்சில் வந்து வெகுநாள் ஆனபின்னும் சொற்களுக்கு அர்த்தம் கேட்பது மட்டும் நிற்கவில்லை. அவர்தான் உன் அப்பா என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. இந்தக் கடிதத்தைக்கூட இப்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு, "'படலை'ன்னா கேட்டுன்னு போடு, யாருக்குப் புரியும்?" என்கிறார். போட மாட்டேன்.

அங்கே உன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறாய். சிரிக்கட்டும். சிரித்தபிறகு கேட்கிறார்களா என்று பார். உன்னைத் திருத்த வருகிறவர்கள் எல்லாரும் எதிரிகள் இல்லை. சிலருக்கு உன் சொல் உண்மையிலேயே தெரியாது, அவ்வளவுதான். அவர்களோடு சண்டை பிடி. ஆனால் கடையை விட்டு இறங்கிப் போய்விடாதே. நான் அன்றைக்குக் கோபத்தோடு தாளை வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தால் எனக்கு அந்தக் கதையும் இல்லை, நீயும் இல்லை.

கல்யாணம் லேசில் நடக்கவில்லை. அம்பத்தூரில் உன் அப்பாவின் வீட்டில், "சிலோன் பொண்ணா? நாள பின்ன போலீசு ஊட்டாண்ட வந்து நின்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. அவர் விடாப்பிடியாக நின்றார். மாங்காட்டுக் கோயிலில் தாலி கட்டுவது என்று ஆயிற்று. அன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர், "பொண்ணு ஊட்டுக்காரங்க யாருப்பா? முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "நாங்க தான்." திரும்பிப் பார்த்தேன். தலையில் முக்காடும் கையில் சீர்த்தட்டுமாக மும்தாஜ் அக்கா. பக்கத்தில் புதுச்சட்டை போட்டுக் கரீம் பாய், அவர் கையிலும் ஒரு தட்டு. பழம், வெற்றிலை, பூ, அக்காவே தைத்த ஒரு ஜாக்கெட். பெரியவர் ஒருகணம் தயங்கினார். அக்கா தட்டை நீட்டியபடி, "வாங்கிக்கோங்க நைனா, கை வலிக்கிது" என்றார். அவர் வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் யாரும் என்னை வேற்றாளாக நடத்தியதில்லை.

ஆனால் அவர்கள் பயந்தது ஒருநாள் நடக்கத்தான் செய்தது. என் முதல் கதைத்தொகுப்பு வந்த வருடம் நீ கைக்குழந்தை. திருமுல்லைவாயிலில் இந்த வீட்டுக்கு வந்த புதிது. மும்தாஜ் அக்கா உன்னைப் பார்க்க வந்து, மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சீருடையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். இந்த வீட்டில் ஒரு அகதி ஏதோ புத்தகம் எழுதியிருப்பதாகத் தகவல், விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார். என்னை முகாமுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால்? உன்னை யார் பார்ப்பார்கள்? அக்கா எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தார். "இன்னா சார், கத எய்துறது ஒரு குத்தமா? எங்க தெருவுல அவனவன் இன்னான்னாவோ பண்றான், அவன உட்டுட்டு கைப்புள்ளக்காரி ஊட்டாண்ட வந்து நிக்கிறீங்களே" என்றார். வந்தவர் கோபப்படவில்லை. ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இனி எழுத மாட்டேன் என்று அன்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ எய்து. யாராச்சும் கேட்டா நான் தான் எய்தினேன்னு சொல்லிடுறேன். என்னப் பாத்தா எய்த்தாளர் மாரி இல்லியா?" என்றார். பிறகு விளையாட்டை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு தபா பயந்து உட்டுட்டு வந்துட்ட. அது உசுருக்கு. இங்கயும் உட்டுட்டா அப்புறம் எங்க போவ?"

அந்தக் காவலர் சில நாட்கள் கழித்துத் திரும்பி வந்தார். நான் உன்னை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தை நீட்டினார். "ஒண்ணும் இல்லம்மா. கதை தான்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். போவார் என்று பார்த்தால் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? அந்தம்மா தேடினு போவுதே, கடைசில அந்தப் பையன் கெடச்சானா இல்லியா?"

"தெரியாது சார்."

"எழுதுன உங்களுக்கே தெரியாதா?"

"அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள் சார்."

அவர் உன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். உன் அப்பா கொண்டுவந்து கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். "எங்க ஊட்ல அவளும் படிச்சா. ரெண்டு நாளா சரியா பேசல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த வாசகர்களில் அவரைப் போல ஒருவர் இன்றுவரை இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அடுத்தடுத்த புத்தகங்களை எழுதினேன் என்று தோன்றுகிறது. அவற்றில் மன்னாரும் இருக்கிறது, பூந்தமல்லியும் இருக்கிறது. கிணற்றடியில் பெட்டை நிற்கிறாள், குழாயடியில் மும்தாஜ் அக்கா சண்டை போடுகிறார். புலம்பெயர்ந்தவளின் எழுத்து என்று விமர்சனத்தில் எழுதுகிறார்கள். அது எதுவாக இருந்தாலும், பாதி இந்த ஊர் எனக்குக் கொடுத்த வாய்.

நீ போவதையும் நான் வந்ததையும் ஒரே சொல்லால் சொல்லாதே. நீ வேலைக்குப் போகிறாய், நான் உயிருக்கு ஓடி வந்தேன். இன்னமும் நான் அகதி என்று அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறவள்தான். என் குடியுரிமை விண்ணப்பங்கள் எங்கேயோ கிடக்கின்றன. உன் வீட்டுச் சமையலறையில் வந்து நான் நிற்க முடியாமல் போகலாம். அது எனக்கு வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலிக்குக் காவலாக உன்னை இங்கே உட்காரவைக்க எனக்குச் சம்மதமில்லை. உனக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதன் முகத்தைப் போனில் பார்ப்பேன், விடுமுறைக்குத் தூக்கிக்கொண்டு வா, மடியில் போட்டுக்கொள்வேன். எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாயே, மேலே எழுதியதை மறுபடி ஒருதரம் படி.

கடைசியாக ஒன்று. இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் யாரும் 'போ' என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் புறப்பட்டாலும் 'போட்டு வா' என்றுதான், போய்விட்டு வா என்றுதான் சொல்வார்கள். நான் படகேறிய அன்று ஐயா இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைத் தூக்கி ஏற்றினார். ஏறியபின் அவர் முகத்தையே பார்த்தேன், வழக்கமான அந்தச் சொல்லுக்காக. "போ பிள்ளை" என்றார். அவ்வளவுதான். 'வா' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் இறந்த சேதி வந்தபோதும் என்னால் போக முடியவில்லை. பெற்ற பிள்ளையை 'வா' என்று கூப்பிட இடமில்லாமல் நின்ற அந்த மனிதரை நினைத்துத்தான் நான் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன்.

எனக்கு அந்த நிலை இல்லை, தம்பி. நான் நிற்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. என் சொல்லைத் திருத்தாமல் அச்சில் போட்ட ஒருவர் பக்கத்தில் நிற்பார். பூந்தமல்லியிலிருந்து உன் பெரியம்மாவும் வந்து நிற்பார். அடுத்த வாரம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நான் அழுதால் கண்டுகொள்ளாதே. நான் சொல்லப்போவதை மட்டும் கேட்டுக்கொண்டு போ.

போயிட்டு வா.

அம்மா